வீட்டோடு இருப்பவர்களைச் சந்திக்கப் போவது: புதிதாகச் சேர வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

வருத்தத்தாலோ வயதாலோ கோயிலுக்கு வர முடியாமல் வீட்டோடு இருப்பவர்களைக் கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்க்கும் ஒரு சிறு குழு, மட்டக்களப்பில் எங்கள் கோயில் பங்கில் இருக்கிறது. நான் அதில் பல வருடமாகப் போய் வருகிறேன். தவக்காலம் வந்தால் நாலைந்து பேர் புதிதாகச் சேர வருவார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், கோயில் முற்றத்தில் நின்று நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்களுடையது கத்தோலிக்கப் பங்கு. ஆனால் மெதடிஸ்த சபை, அங்கிலிக்கன் சபை என்று எங்கே இருந்தாலும், கட்டிலோடு இருக்கும் மனிதரின் பின்னேரம் ஒன்றுதான்.

இது சரியாக என்ன வேலை?

போய்ப் பக்கத்தில் இருந்து, கதைத்து, கேட்டால் செபித்து, அடுத்த கிழமை வருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி வருவது. தாதி வேலை இல்லை, பிரசங்கம் இல்லை, நிவாரணம் கொடுப்பதும் இல்லை.

திருச்சபையில் இது பழைய வேலை. 1833இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதைத்தான் தன் முதல் கடமையாக வைத்தது. 1921இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனையும் அப்படித்தான். அந்தச் சேனையின் முதல் வேலையே ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழைப் பெண்களைப் பார்க்கப் போனது. இரண்டும் எங்கள் பக்கத்துப் பங்குகளில் இன்றும் இருக்கின்றன. உங்கள் பங்கில் தனியாக ஒரு குழு இல்லை என்றால் அவர்களோடு சேர்ந்து போகலாம்.

எனக்கு வேதாகமம் பெரிதாகத் தெரியாது. பூசைக்கே ஒழுங்காகப் போவதில்லை. வரலாமா?

வாருங்கள். "நோயுற்றிருந்தேன், என்னைக் கவனித்துக்கொண்டீர்கள்" என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வருகிற இடத்தில், உனக்கு எத்தனை வசனம் பாடம் என்று ஆண்டவர் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

கிழமைக்கு ஒரு பின்னேரம், இரண்டு வீடு, ஒரு வீட்டுக்கு அரை மணித்தியாலம். இது கூடினால் நோயாளி களைத்துப் போவார். மரியாதைக்காக எழும்பி இருப்பார், நீங்கள் போன பிறகு இரண்டு நாள் அதற்காகப் படுத்துக் கிடப்பார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரும் நேரத்தில் போக வேண்டாம். எங்கள் ஊர் வெக்கைக்கு நாலரை மணிக்குப் பிறகுதான் கதைக்கிற மனம் வரும்.

நேரத்தைவிட எனக்குப் பெரிய விசயம் நாள். வியாழன் வருகிறேன் என்று சொன்னால் வியாழன் போக வேண்டும். இதை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். தொடங்கின வருடம், தாண்டவன்வெளிப் பக்கம் ஒரு வீட்டு அம்மம்மாவிடம் "வாற வியாழன் வருவன்" என்று சொல்லிவிட்டு, சொந்தக்காரர் கல்யாண வேலை ஒன்று வந்ததால் போகாமல் விட்டேன். போன் பண்ணிச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு கிழமைதானே என்று நினைத்தேன். அடுத்த கிழமை போனபோது மகள் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள்: "அம்மா அண்டைக்குக் காலையிலயே நல்ல சேலை உடுத்து, கதிரைய வாசலுக்குப் போடச் சொல்லி இருந்தவ. ஆறு மணி மட்டும் இருந்தவ. இரவைக்குச் சேலைய மாத்தவும் விடல்ல, நீங்க லேட்டாகி வருவீங்க எண்டு." உள்ளே போனால் அந்த அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. "வந்திட்டியா புள்ள, இரி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நமக்குக் கிழமையில் ஏழு நாள். கட்டிலோடு இருப்பவருக்கு நீங்கள் வரும் நாள் ஒன்று, மற்ற ஆறும் அதற்குக் காத்திருக்கும் நாள். ஆகவே மாதம் ஒருதரம்தான் முடியும் என்றால் மாதம் ஒருதரம் என்றே சொல்லுங்கள். கிழமைக்கு ஒருதரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இடையில் விடுவதைவிட அது நூறு மடங்கு நல்லது. வர முடியாமல் போனால் காலையிலேயே அறிவியுங்கள்.

ஏன் எப்போதும் இரண்டு பேராகப் போகச் சொல்கிறீர்கள்?

ஆண்டவரும் சீடர்களை இருவர் இருவராகத்தான் அனுப்பினார். நடைமுறைக் காரணமும் உண்டு. ஒருவர் நோயாளியோடு கதைக்க, மற்றவர் வீட்டுக்காரரோடு கதைக்கலாம். தனியாக இருக்கும் முதியவரின் வீட்டில் நாளைக்கு ஒரு மோதிரம் காணாமல் போனால் உங்களுக்கும் ஒரு சாட்சி இருக்கும். பெண்ணொருவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு இரண்டு ஆண்களை நாங்கள் அனுப்புவதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வருவதானால் பெற்றோரின் சம்மதத்தோடு, பெரியவர் ஒருவருடன் மட்டும்.

முதல் நாள் போய் என்ன கதைப்பது? எனக்கு அந்த அமைதிதான் பயம்.

எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. வாசலில் நின்று கூப்பிடுங்கள், உள்ளே வரச் சொல்லும்வரை நில்லுங்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். போனதும் நின்றபடி கதைக்க வேண்டாம். படுத்திருப்பவருக்கு நின்றிருக்கும் ஆளைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். ஒரு கதிரையை இழுத்து, அவர் கண் மட்டத்துக்கு இருங்கள். கட்டிலில் இருக்க வேண்டாம். முதுகு நொந்தவருக்கு மெத்தையில் சின்ன ஆட்டமும் நோகும். காது மந்தமானவருக்குச் சத்தம் போட்டுக் கதைக்காமல், முகத்தைக் காட்டி ஆறுதலாகக் கதைத்தால் விளங்கும்.

"எப்படி இருக்கிறீங்க?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "கர்த்தர்ர கிருபையால சுகம்" என்பதோடு கதை முடிந்துவிடும். வருத்தத்தை மட்டும் விசாரித்தால் அவர் உங்களுக்கு வெறும் வருத்தக்காரர் ஆகிவிடுவார். சுவரில் ஒரு கல்யாணப் படம் இருக்கும், அலுமாரியில் ஒரு கேடயம் இருக்கும். முற்றத்தில் நிற்கும் முருங்கை யார் நட்டது என்று கேட்டுப் பாருங்கள். வாவியில் மீன் பிடித்தவரிடம் இப்போது இறால் படுகிற காலமா என்று கேளுங்கள். அவரிடம் கேட்டு அறிய வேண்டிய ஏதோ ஒன்று உங்களுக்கு இருந்தால் அவர் முகமே மாறும்.

கோயில் செய்திகளையும் கொண்டு போங்கள். கொடியேற்றம் எப்போது, இந்த முறை ஆயித்தியமலை மாதா கோயிலுக்கு யார் யார் நடந்து போகிறார்கள், யாருடைய பிள்ளைக்கு முதல் நன்மை. ஒரு காலத்தில் தேத்தாத்தீவு, சொறிக்கல்முனை என்று ஒரு திருவிழாவும் விடாமல் போனவர்கள் அவர்கள். மாதாவின் தேரை எந்தப் பக்கத்தால் சுற்றிக் கொண்டு வந்தார்கள் என்பதுகூட அவர்களுக்கு வேண்டும்.

கதை நின்றால் நிற்கட்டும். மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் சும்மா இருப்பதும் சந்திப்புத்தான்.

"கடவுள் ஏன் என்னை இப்படி வைத்திருக்கிறார்?" என்று கேட்டு அழுதால் என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். யோபு புத்தகத்தின் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மூன்று நண்பர்கள் வந்து, யோபுவின் துயரம் பெரிதென்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூட இருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகுதான் வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் ஆண்டவர் கோபித்தது அந்த விளக்கக்காரரோடு.

"எல்லாம் நன்மைக்குத்தான்", "ஆண்டவர் நேசிக்கிறவங்களைத்தான் சோதிப்பார்", "உங்களைவிட மோசமா எத்தனை பேர் இருக்காங்க" என்ற மூன்றையும் எங்கள் குழுவில் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறோம். நோயாளி தானாகச் சொன்னால் அது அவருடைய விசுவாசம். நாம் சொன்னால் அவர் அழுகையை நிறுத்தச் சொல்வதாகத்தான் படும். விசுவாசம் இல்லாமல் போய்விட்டது என்று ஒருவர் சொன்னாலும் பதற வேண்டாம். சங்கீதக்காரனே "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டிருக்கிறான், சிலுவையில் ஆண்டவரும் அதையே கேட்டார். கையைப் பிடித்துக்கொண்டு "ஓம், கஷ்டம்தான்" என்று சொல்லுங்கள்.

சாக வேண்டும்போல இருக்கிறது என்று சொல்வது வேறு விசயம். வயதானவர்கள் பேச்சுவாக்கில் சொல்வதுதானே என்று விட வேண்டாம். அன்றைக்கே வீட்டாரிடமும் குழுப் பொறுப்பாளரிடமும் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இருபத்துநாலு மணித்தியாலமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம்.

ஞாபகம் போனவரிடம் போய் என்ன பயன்? நான் வந்ததே அவருக்கு நினைவிருக்காதே.

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

எங்கள் பட்டியலில் ஒரு ஆச்சி இருந்தார். மகளைத் தன் தங்கை என்று நினைத்துக் கூப்பிடுவார். சில நாளில் 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்குள் நிற்பார். கதவை அடைக்கச் சொல்லி, கூரை போகிறது என்று கத்துவார். என்னை யாரென்று ஒருநாளும் தெரியாது. நான் செபமாலையை எடுத்து "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்குவேன், பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பல மாதம் இப்படியே போனது. ஒருநாள் என்னோடு கூட வந்த வயதான அக்கா, தன் தாயார் சொல்லிக் கொடுத்த பழைய சொற்களில் செபத்தைச் சொன்னார். அவர் நிறுத்திய இடத்தில் கட்டிலில் இருந்து குரல் வந்தது: "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே…" ஒரு சொல் பிசகாமல், கடைசி ஆமென் வரை. மகள் குசினியில் அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். ஆச்சியின் விரல்கள் போர்வையின் ஓரத்தில் ஒவ்வொரு மணியாகத் தள்ளிக்கொண்டிருந்தன.

நான் சொன்ன செபம் அவருடைய செபம் இல்லை. அவர் சிறுவயதில் படித்தது "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே", நான் சொல்லிக்கொண்டிருந்தது "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே". எழுபது எண்பது வயதைக் கடந்தவர்களிடம் போகிறவர்கள் பழைய செபங்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள். தவக்காலத்தில் பசான் பாட்டு, அதாவது ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பழைய பாட்டு ஒன்றை மெல்லப் பாடிப் பாருங்கள். டச்பார், பனிச்சையடிப் பக்கத்துப் பறங்கியர் வீடுகளில் மூத்தவர்களின் வாயில் போர்த்துக்கீசக் கிரியோல் சொற்களும் வரும். விளங்காவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள், வீட்டில் யாராவது சொல்லித் தருவார்கள்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். நீங்கள் வந்தது ஆச்சிக்கு நினைவிருக்காது. ஆனால் அன்றிரவு அவர் கத்தாமல் தூங்கினார் என்று மகள் சொன்னாள்.

ஒவ்வொரு வீட்டிலும் செபம் சொல்லியே ஆக வேண்டுமா?

இல்லை. "செபம் ஒண்டு சொல்லுவமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். சொல்வதானால் சுருக்கமாக, அவருடைய பெயரைச் சொல்லிச் செபியுங்கள். வீட்டுப் பிரச்சினையைச் செபத்துக்குள் வைத்து மருமகளுக்குப் புத்தி சொல்லும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தவறு.

நற்கருணையை நானே கொண்டு போகலாமா?

அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளர் மட்டும். சேர்ந்து பழகிய பிறகு, விருப்பமுள்ளவர்களைப் பங்குச் சுவாமி அந்தப் பயிற்சிக்கு அனுப்புவார். மாதத்தின் முதல் வெள்ளியில் பெரும்பாலும் சுவாமியே வருவார். மற்றக் கிழமைகளில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு பணியாளர்கள் கொண்டு போவார்கள்.

கூடப் போகிறவரும் சில விசயம் தெரிந்திருக்க வேண்டும். நற்கருணைச் சிமிழோடு நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டும். வழியில் சந்தைக்கு இறங்குவதோ, ஓட்டோவை நிறுத்திக் கதை பேசுவதோ இல்லை. வீட்டில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர் வைக்கச் சொல்லி முதல் நாளே அறிவியுங்கள். நற்கருணைக்கு முன் ஒரு மணித்தியாலம் ஒன்றும் உண்ணாமல் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு முதியோருக்கும் நோயாளருக்கும் அவர்களைப் பராமரிப்பவருக்கும் இல்லை. இது தெரியாமல், சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள ஒருவர் காலையிலிருந்து பட்டினி இருந்து மயங்கியதைக் கண்டிருக்கிறேன். விழுங்கக் கஷ்டப்படுபவருக்குத் துளியளவு துண்டு போதும். தலையை உயர்த்தி இருத்தித்தான் கொடுக்க வேண்டும். பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவர்களுக்குத் தண்ணீரே புரைக்கேறும், வீட்டாரைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

சுவாமியை எண்ணெய் பூசக் கூப்பிட்டால் நோயாளி பயப்படுகிறார். என்ன செய்வது?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பழைய ஆட்கள் அதை 'அவஸ்தைப்பூசுதல்' என்று சொல்லித்தான் வளர்ந்தார்கள். சுவாமி எண்ணெயோடு படியேறினால் வெட்டியானுக்கும் சொல்லி அனுப்பியாயிற்று என்று அர்த்தம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், இதை நோயில் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம், சாகும் தறுவாயில் உள்ளவர்களுக்கு மட்டுமானதல்ல என்று சொன்னது. 1972இல் புதிய சடங்குமுறையும் வந்தது. கடும் வருத்தம் வந்தால், பெரிய ஒப்பரேசனுக்கு முன்னால், முதுமையால் உடல் தளர்ந்தால் பெறலாம். திரும்பவும் பெறலாம். குருவானவர் நெற்றியிலும் கைகளிலும் பூசிச் செபிப்பார். குருவானவர் மட்டும்தான் இதைச் செய்யலாம், நாம் செய்ய முடியாது.

அறிவோடு இருக்கும்போதே கூப்பிடச் சொல்லுங்கள். "அம்மா பயப்படுவா" என்று கடைசி மூச்சுவரை வைத்திருந்து, பிறகு நடுச்சாமத்தில் சுவாமி தங்கும் அறைவீட்டுக் கதவைத் தட்டுகிற குடும்பங்கள் நிறைய. பெப்ரவரி 11, லூர்து மாதா திருநாள், 1993 தொடக்கம் உலக நோயாளர் நாளாக இருக்கிறது. அன்றைக்கு எங்கள் கோயிலில் எல்லா முதியவர்களையும் ஓட்டோவில் கூட்டிவந்து, பூசையில் வரிசையாகப் பூசுவார்கள். பத்துப் பேரோடு சேர்ந்து ஒருமுறை பெற்றவருக்கு அந்தப் பயம் தெளிந்துவிடும்.

போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் ஊர்ப் பழக்கம், அது எனக்கும் விளங்கும். ஆனால் ஒவ்வொரு கிழமையும் தோடம்பழமும் மாரி பிஸ்கட்டும் கொண்டு போனால் இரண்டு தீமை. சீனி வருத்தக்காரரின் வீட்டில் பிஸ்கட் குவியும். அடுத்து, கையில் காசில்லாத கிழமை உங்களுக்கே போகக் கூச்சம் வரும். ஆகவே எங்கள் ஒழுங்கு: திருவிழா, நத்தார், பாஸ்கா தவிர ஒன்றும் கொண்டு போவதில்லை. அவர்கள் தரும் தேத்தண்ணியை மட்டும் மறுக்காமல் குடியுங்கள். பிறருக்குக் கொடுக்க அவர்களிடம் மிஞ்சியிருப்பது சில வேளை அது ஒன்றுதான்.

கோயிலில் இருந்து கொண்டு போகக் கூடியவை வேறு. குருத்து ஞாயிறன்று குருத்தோலை. முன்பு கோயிலுக்கு ஓலைச் சிலுவை பின்னிக் கொடுத்த ஒரு ஐயாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. நான் இரண்டு குருத்துக் கொண்டு போனேன். இடது கையால் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மற்ற நுனியை என்னைப் பிடிக்கச் சொன்னார். "மடி… இல்ல, உள்ளுக்கு… இப்ப இழு." மூன்று தடவை அவிழ்ந்தது. நாலாம் தடவை சிலுவை வந்தது, ஒரு கை கொஞ்சம் நீண்டு. அதைத்தான் கட்டில் தலைமாட்டில் செருகி வைக்கச் சொன்னார்.

காசு கேட்டால்?

கையில் இருந்து கொடுக்காதீர்கள், வாங்கவும் வேண்டாம். தேவை உண்மையென்றால் குழுவில் சொல்லுங்கள், வின்சென்ட் தே பவுல் சபை வழியாகவோ பங்கு வழியாகவோ பார்க்கலாம். வங்கி அட்டை, ஓய்வூதியப் புத்தகம், காணி உறுதி எதையும் தொடாதீர்கள். சாட்சிக் கையெழுத்தும் போடாதீர்கள்.

அரச உதவிகளைத் தெரிந்து வைத்திருந்து சொல்வது பெரிய புண்ணியம். அறுபது வயது கடந்தவருக்கு மூத்த பிரசைகள் அடையாள அட்டை, எழுபது கடந்த வறியவருக்கு முதியோர் கொடுப்பனவு, வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவு என்று எல்லாவற்றுக்கும் முதலில் கிராம உத்தியோகத்தர், பிறகு பிரதேச செயலகம். நடக்க முடியாதவர் தன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க எப்படிப் போவார்? நீங்கள் போய்க் கேட்டு வந்து சொல்லலாம். பிள்ளைகள் வசதியோடு இருந்தும் பார்க்காமல் விட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பராமரிப்புச் சபையில் முறையிடவும் வழி இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தாய்மார் பிள்ளைமேல் முறையிட மாட்டார்கள். அதை வற்புறுத்த வேண்டாம்.

நான் வைத்தியம் படிக்கவில்லை. உடம்பில் எதையாவது கவனிக்க வேண்டுமா?

கண்ணால் காண்பதை வீட்டாருக்குச் சொன்னால் போதும். குதிகாலிலும் முதுகின் அடியிலும் சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிவிடச் சொல்லுங்கள். சீனிக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து வேர்த்து நடுங்கினால், விழுங்கக்கூடிய நிலையில் உடனே சீனித் தண்ணீர். வாய் ஒரு பக்கம் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். உங்கள் பையில் இருக்கும் குளிசையை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தடிமன், காய்ச்சல் என்றால் அன்றைக்குப் போகவே வேண்டாம், போனில் கதையுங்கள்.

நோயாளியைப் பார்க்கும் மகள் எங்களோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

அவளுக்குக் களைப்பு. அக்காமார் கட்டாரிலும் கனடாவிலும் இருக்க, இங்கே நின்றவள் தலையில் எல்லாம். போனில் வரும் எல்லோரும் "அம்மா எப்படி?" என்று கேட்பார்கள், "நீ எப்படி?" என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். பிறகு, "நாங்க அரை மணித்தியாலம் இஞ்ச இருக்கம், நீங்க உங்கட அலுவலப் பாருங்க" என்று சொல்லுங்கள். ஒரு வீட்டில் அந்தப் பெண் ஒன்றும் செய்யவில்லை, கிணற்றடிக்குப் போய் ஆறுதலாகத் தலை முழுகிவிட்டு வந்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவசரமில்லாமல் குளித்தேன் என்றாள். அவளைப் பூசைக்கு அனுப்ப, ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மாறி ஒருவர் போய் இருக்க இப்போது எங்களிடம் ஒரு ஒழுங்கு இருக்கிறது.

வீட்டில் மற்றவர்கள் சைவர்களாக இருந்தால்?

இங்கே பாதிக் குடும்பங்கள் அப்படித்தான். சாமி அறையைத் தாண்டித்தான் நோயாளியின் அறைக்குப் போவீர்கள். மரியாதையோடு போங்கள். யாரையும் மதம் மாற்ற வந்ததாக ஒரு சொல்லும் வரக்கூடாது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா கஞ்சி கொண்டு வந்து கொடுப்பதைப் பல வீட்டில் கண்டிருக்கிறேன். அவரையும் விசாரித்துவிட்டு வாருங்கள், அவருக்குத்தான் நோயாளியின் இரவு எப்படிப் போனதென்று தெரிந்திருக்கும்.

சுனாமி, யுத்தம், 2019 உயிர்த்த ஞாயிறு பற்றிக் கதை வந்தால்?

வரும். நாவலடி, கல்லடி, டச்பார், கல்முனை, திருக்கோவில் என்று இந்தக் கரையில் 2004 டிசம்பர் 26இல் ஆளை இழக்காத குடும்பம் குறைவு. காணாமல் போன மகனின் படத்துக்கு மாலை போடாமல் வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். மாலை இல்லாத படத்தைக் கண்டால் "இவர் இப்ப எங்க?" என்று கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் எத்தனையாவது தரமாக இருந்தாலும் முதல் தரம்போலக் கேளுங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டு வெடிப்புக்குப் பிறகு, கால் நன்றாக இருந்தும் எந்தக் கோயிலுக்குள்ளும் போகப் பயந்து வீட்டோடு நின்றவர்கள் உண்டு. அவர்களும் எங்கள் பட்டியலில் இருந்தார்கள். "பயப்படாதீங்க, வாங்க" என்று இழுக்கவில்லை. போய் இருந்தோம். ஒருவர் வெகுகாலம் கழித்து, பூசை இல்லாத ஒரு பின்னேரம், யாருமில்லாத கோயிலில் வாசலோரக் கடைசி வாங்கில் பத்து நிமிடம் இருக்கச் சம்மதித்தார். கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.

கேட்டதை யாரிடமும் சொல்லக்கூடாதா? செபத்துக்காகக்கூட?

கூடாது. "இன்னாருக்காகச் செபியுங்க, இன்ன வருத்தமாம்" என்று நான் ஒருமுறை கோயில் வாசலில் இரண்டு பேரிடம் சொன்னேன். நல்ல எண்ணத்தோடுதான். மூன்றாம் நாள் அது சந்தைவரை போய், அந்த வீட்டுக் கதவு எனக்கு அடைபட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன், திறக்கவில்லை. இன்றுவரை அந்த ஒழுங்கையால் போகும்போது எனக்கு நெஞ்சு இறுகும். படம் எடுத்து முகநூலில் போடுவதும் எங்களிடம் அறவே இல்லை. கலைந்த தலையோடும் மெலிந்த உடம்போடும் கிடக்கும் ஒருவரின் படத்தை ஊர் பார்க்க வேண்டிய தேவை என்ன?

மாரி காலத்தில்?

வெள்ளம் வந்தால் பாதையைப் பார்த்துப் போனில் விசாரியுங்கள். ஐப்பசி பிறக்குமுன், நடக்க முடியாதவர்களின் பட்டியலைப் புதுப்பித்துப் பங்குச் சுவாமியிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் கொடுப்போம்: எந்த வீடு, யார் தூக்குவது, எந்தப் பாடசாலைக்கு. கிளினிக் கொப்பியும் குளிசையும் பொலித்தீன் பையில் ஒன்றாகக் கட்டித் தலைமாட்டில் இருக்க வேண்டும். கடலோர வீடுகளுக்குச் சுனாமி எச்சரிக்கைக்கும் இதே பட்டியல்தான்.

நான் பார்த்துவந்தவர் இறந்துபோனால்?

அழுங்கள். செத்த வீட்டுக்குப் போங்கள், எட்டுச் செலவுக்கும் முப்பத்தொன்றுக்கும் போங்கள். அதற்குப் பிறகும் ஒரு இரண்டு மாதம் அதே வியாழன், அதே நேரம் அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். பராமரித்த ஆளுக்கு அந்த நேரம்தான் வெறுமையாக இருக்கும்.

சரி, சேர என்ன செய்ய வேண்டும்?

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மாதா கெபிப் பக்கம் நிற்போம், வந்து பெயரைச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், இங்கே உள்ள உங்கள் தாய் தகப்பனைப் பார்க்கச் சொல்லியும் பங்குக்கு அறிவிக்கலாம். முதல் நாலு கிழமையும் நீங்கள் ஒன்றும் கதைக்கத் தேவையில்லை, எங்களில் ஒருவரோடு கூட வந்து இருங்கள். ஐந்தாம் கிழமை எந்த வீடு, எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த வீட்டுக் கலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வருவோம்.